உதவிக்கு ஒரு வெறுங்கோப்பு

நம் கருவியை எழுதி, காத்து, இன்று நடுநாற்காலியில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே! கேட்டதற்குப் பதில் சொல்லியே குரல் தேய்ந்த மூத்த நிரலாளர்களே! மடியில் பிள்ளை, மேசையில் கணினி என்று இரண்டையும் ஆளும் தாய்மார்களே! கடைசி வரிசையில் கொட்டாவி விடும் தம்பிகளே! அனைவருக்கும் வணக்கம்.

கறுப்புத் திரையில் கட்டளை தட்டினால், இயந்திரத்தின் மொழியைப் பிரித்து மனிதன் படிக்கத் தருவது நம் கருவி. பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அதனிடம் 'உதவி' என்று தட்டிப் பாருங்கள்! "கோப்பு எங்கே?" என்கிறது. வழி கேட்டவனிடம், "முதலில் போய்ச் சேர், பிறகு சொல்கிறேன்" என்றால் அது வழியா, வம்பா?

சரி, கோப்பைக் கொடுத்தால்? உதவியையும் சொல்லி, கூடவே கோப்பு முழுவதையும் பிரித்துக் கொட்டுகிறது. உதவி திரையை விட்டு எங்கோ மேலே ஓடிவிடுகிறது. அதனால்தானே நாம் எல்லோரும் ஒன்றுமே இல்லாத வெறுங்கோப்பு ஒன்றை வைத்திருக்கிறோம்? அதை நீட்டினால் பிரிக்க எதுவும் இருக்காது, உதவி மட்டும் நிற்கும். வெறுங்கோப்பு வைத்துக்கொள்ளாதவர் கை தூக்குங்கள். பார்த்தீர்களா, ஒரு கை எழவில்லை! சிரிக்காதீர்கள், எனக்கு வயிறு எரிகிறது.

என் தங்கை லிஃப்ட் பழுது பார்க்கும் நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்தவள். ஒரு மருத்துவமனையின் லிஃப்ட் நடுவழியில் நின்றது. அதை ஓட்டும் மூல நிரலை எழுதியவர்கள் எப்போதோ கடையைக் கட்டிவிட்டார்கள்; மிஞ்சியது இயந்திர மொழிக் கோப்பு மட்டும். அறுவைசிகிச்சை முடிந்தவர்களைப் படிக்கட்டில் சுமந்து இறக்குகிறார்கள். அவளோ அதைப் பிரித்துப் படிக்க நம் கருவியோடு மல்லுக்கட்டுகிறாள். மதியம் எனக்குப் போன் வந்தது.

"அண்ணா, உதவி கேட்டா கோப்பு கேக்குது. கோப்பு குடுத்தா வரிவரியாக் கொட்டுது. எனக்கு இந்த வேலையே வராது போல."

"வெறுங்கோப்பு ஒண்ணு குடும்மா."

"அது எதுக்கு?"

"குடுத்தாத்தான் உதவி நிக்கும்."

அவள் கேட்டாள்: "இதை நான் யார்கிட்டண்ணா கேட்டுத் தெரிஞ்சுக்கிறது?"

மாலையில் லிஃப்ட் ஓடியது. ஆனால் அந்தக் காலைப்பொழுதை யார் திருப்பித் தருவது? உதவி கேட்டால் உதவியைச் சொல்லி நிறுத்து! இவ்வளவுதான் நான் அனுப்பிய திருத்தம். தலைவர் திருப்பி அனுப்பினார். "பழகினவங்களுக்கு இது ஒரு குறையே இல்லப்பா" என்றார். மறுபடி அனுப்பினேன். மறுபடியும் அதே பதில்!

ஐயா, இதோ மேடையில் புதுக்கணினி. இந்தக் கோப்பில் ஒரே ஒரு பகுதியை மட்டும் பிரித்துக் காட்டுங்கள். அதற்கு எந்த எழுத்தைத் தட்ட வேண்டும்? மறந்துவிட்டதா? குற்றமில்லை, உதவி கேளுங்கள். திரையைப் பாருங்கள், தாய்மார்களே! எழுதிய தகப்பனிடமே "கோப்பு எங்கே?" என்கிறது! ஐயா என்ன தேடுகிறீர்கள்? வெறுங்கோப்பா? இது புதுக்கணினி ஐயா, இதில் ஏது?

என்ன சொல்கிறீர்கள்? ஒலிவாங்கியில் சொல்லுங்கள், எல்லோரும் கேட்கட்டும்.

"அந்தத் திருத்தத்தை அனுப்புப்பா. இப்பவே சேத்துடறேன்."

கேட்டீர்களா? என் தங்கையே, நீயும் கேட்டாயா? இனி இந்தக் கருவியிடம் உதவி கேட்டு வருகிறவர் வெறுங்கையோடு வரலாம்! பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், பொறுத்துக்கொண்ட தலைவருக்கும் நன்றி, வணக்கம்.