இன்னும் கொஞ்சம்தான்

அக்கா: ...கேக்குதா? வாக்கி-டாக்கியை வாய்கிட்ட வச்சுப் பேசுடா.

தம்பி: கேக்குது, கேக்குது. கத்தாதே, பனி சரிஞ்சுடப் போகுது.

அக்கா: எங்க இருக்கே?

தம்பி: உச்சிக்கு இன்னும் கொஞ்சம்தான்.

அக்கா: இதையேதான் காலையிலயும் சொன்னே.

தம்பி: மலை வளருது போல... நான் என்ன பண்ண?

அக்கா: விளையாடாதே. வெயில் மேற்குப் பாறையைத் தாண்டினா, எங்க இருந்தாலும் திரும்பிடணும்னு பேசிட்டுத்தானே கிளம்பினே?

தம்பி: அது உன் சட்டம். ஏறின மலையிலெல்லாம் பாதியிலயே திரும்பி வந்தவ நீ. ‘ரிவர்ஸ் கியர்’னு பேர் வச்சாங்களே, சும்மாவா?

அக்கா: திரும்பினதாலதான் கை விரல் பத்தும் பனியில கருகாம இருக்கு.

தம்பி: விரல் இருக்கு. உச்சியில நின்னு எடுத்த போட்டோ ஒண்ணு இருக்கா?

அக்கா: ...

தம்பி: கோவமா?

அக்கா: இல்ல... மூச்சு வாங்குது.

தம்பி: டென்ட்ல உக்காந்திருக்கறவளுக்கு என்ன மூச்சு வாங்குது?

அக்கா: தண்ணிக்குப் பனி... அள்ளிட்டு வந்தேன். உன் குரல் ஏன் நடுங்குது?

தம்பி: குளிர்தான்.

அக்கா: ஏறுறவனுக்கு இரைக்கணுமே. உனக்கு இரைக்கவே இல்ல?

தம்பி: கொஞ்சம்... நின்னு நின்னு ஏறுறேன். பதறாத காரியம் சிதறாதுன்னு நீதானே சொல்லுவே.

அக்கா: நான் மேல வரவா?

தம்பி: வேண்டாம்!

அக்கா: ஏன்டா இப்படி அலறுறே?

தம்பி: இல்ல... நீ வந்தா பாதியில இழுத்துட்டுப் போயிடுவே. உச்சியை நான் தனியாப் பாக்கணும். மேகம் வேற கட்டுது. இருட்டுறதுக்குள்ள நீ கீழ் முகாமுக்கு இறங்கிடு.

அக்கா: மேகம் கட்டினா இறங்க வேண்டியது நீயா, நானா?

தம்பி: நீ போ அக்கா... சொன்னாக் கேளேன்.

அக்கா: அம்மாகிட்ட என்ன சொல்றது?

தம்பி: பேராசை பிடிச்சவன், எவ்வளவோ கூப்பிட்டேன், ஏறிட்டே போயிட்டான்னு சொல்லு. அம்மா நம்புவாங்க. சின்ன வயசுலேருந்து நான் அப்படித்தானே.

அக்கா: நானும் நம்பியிருப்பேன்.

தம்பி: ...நம்பியிருப்பேன்னா?

அக்கா: நம்ம சமையல்காரர் பைனாகுலர்ல பாத்துட்டாரு. உன் சிவப்புச் சட்டை காலையிலேருந்து ஒரு பாறையடியை விட்டு நகரவே இல்லையாம். எந்தக் கால்டா?

தம்பி: ...இடது. முட்டிக்குக் கீழ. எலும்பு தெரியுது.

அக்கா: ஐயோ... சொல்லக் கூடாதா?

தம்பி: சொன்னா யாராவது கிளம்பி வருவாங்க. இந்த மேகத்துல ஏறி வர்றவங்க திரும்பிப் போக முடியாது. ஒருத்தனுக்காக இன்னொருத்தர் சாகக் கூடாது... நீ சொல்லிக் குடுத்ததுதானே அக்கா? யாரையும் அனுப்பாதே.

அக்கா: யாரையும் அனுப்பல.

தம்பி: அம்மா மேல சத்தியமா?

அக்கா: சத்தியமா யாரையும் அனுப்பல... டார்ச்சைக் கொஞ்சம் கீழ பாத்து அடிடா. மேகத்துல உன் பாறை எதுன்னு எனக்குத் தெரியல.