மூன்று பக்கமும் பார்த்தவர்

தலைமை தாங்கும் பள்ளி அதிபர் திருமதி றம்ஸியா அவர்களே, மேடையிலுள்ளோரே, திருமதி சுப்பம்மா நாகலிங்கம் அவர்களே, தெஹியோவிட்டத் தோட்டங்களிலிருந்து வேலை முடிந்து நடந்தே வந்திருக்கும் பெருமக்களே!

மறைந்த விஞ்ஞான ஆசிரியர் நாகலிங்கம் அவர்களை எனக்கு முன் பேசிய நால்வரும் புகழ்ந்துவிட்டார்கள். நான் அவர் செய்த வேலையைச் சொல்கிறேன்.

பத்து ஆண்டுகளாக அவர் கேட்டது ஒரே கேள்வி. இங்குள்ள றப்பர் தோட்டத்து நத்தையும் பலாங்கொடைத் தேயிலை மலை நத்தையும் ஒரே இனமா, இரண்டா? மேலிருந்து பார்த்தால் ஒன்று போலிருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் இரண்டு போலிருக்கும். எதை நம்புவது? ஒவ்வொரு நத்தை ஓட்டையும் மேல், பக்கம், அடி என மூன்று படமெடுத்து, எல்லா ஓடுகளிலும் அதே இடங்களில் புள்ளி வைத்து, மூன்றையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்றார். நான் புள்ளிவிபரவியல் படித்தவள் என்பதால் என்னைத் தேடிப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார்.

அவர் வீட்டில் ஒருநாள் சுப்பம்மா முறையிட்டார்: "நத்தைக்கு மூணு போட்டோ! எனக்குக் கல்யாணத்தன்னைக்கு எடுத்த ஒண்ணுதாங்க மேடம்."

"நீ எந்தப் பக்கம் பாத்தாலும் ஒண்ணுதானே புள்ள!" என்றார் அவர்.

இப்போது ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். 2003இல் இருநூற்றுப் பன்னிரண்டு ஓடுகளுக்கும் மேல், பக்கம் என இரண்டு படங்கள் முடிந்திருந்தன; அடி மட்டும் மீதி. அழுக்காயிருக்கின்றனவே என்று நான் அவற்றைக் கழுவினேன். மையால் எழுதிய எண்கள் தண்ணீரோடு போயின! ஊருக்கொரு தட்டில் வைத்திருந்ததால் எது எந்த ஊர் ஓடு என்பது மட்டும் தப்பியது. இனி எடுக்கும் அடிப்பக்கப் படம் எந்த மேற்பக்கப் படத்துக்குரியது? யாருக்குத் தெரியும்? "சராசரி மாறாது, தொடருங்கள்" என்றேன். படித்த திமிர்.

அவர் கோபப்படவில்லை. "சராசரி சரியா வருங்க மேடம். ஆனா ஒருத்தன் மூஞ்சிய இன்னொருத்தன் முதுகோட ஒட்டி வச்சா, அது எந்த ஆளுங்க?"

மறுநாளே முதல் ஓட்டிலிருந்து மறுபடி தொடங்கினார். பள்ளி விடுமுறைகளெல்லாம் அதிலே போயின. ஏன் தாமதம் என்று கேட்டவர்களிடம் "கெமரா பழுது" என்றார். என் பெயரை ஒருவரிடமாவது சொன்னாரா? சுப்பம்மாவுக்கே இன்றுதான் தெரியும்!

சென்ற மாதம் மாரடைப்பு அவரை நிறுத்தியபோது முப்பத்தேழு ஓடுகள் மீதமிருந்தன. நான் கழுவாதிருந்தால் அவர் விடையைப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்.

பழைய மாணவர் சங்கச் செயலாளர் யோகராஜ் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்: "அந்த நத்தைக்கு சார் பேரு வச்சாச்சுன்னு சொல்லிருங்க மேடம். சனம் கைதட்டும்."

சொல்ல மாட்டேன்! இரண்டு இனமென்றால்தான் புதுப் பெயருக்கு இடமுண்டு. முடியாத கணக்கின் மேல் தம் பெயரைக் கண்டால், அதை முதலில் அழிப்பவர் நாகலிங்கமாகத்தான் இருந்திருப்பார்.

நாளைக் காலை நான் அந்த முப்பத்தேழில் முதல் ஓட்டை எடுக்கிறேன். இரண்டு என்று வந்தால் அந்த நத்தை அவர் பெயரைத் தாங்கும். ஒன்று என்று வந்தால் அதையும் இதே மேடையில் வந்து சொல்வேன். அப்போதும் நீங்கள் கைதட்ட வேண்டும். அதுவும் அவர் கண்டதுதான்.

சுப்பம்மா, ஓடுகள் இருக்கும் அந்தப் பெட்டியை என்னிடம் கொடுங்கள். சத்தியமாகக் கழுவ மாட்டேன்.