முதல் மேசையின் எண்ணெய்ச் சீசா

ஒக்லாந்து மழையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஈரம் கூடினால் செலோ வாத்தியத்தின் தந்தி ஊதும், சுருதி நழுவும்; நாம்தான் கவனமாக இருக்க வேண்டும். குணவதி, மொழிபெயர்க்கும்போது இதையும் விடாமல் இந்தப் பொலிஸ் அதிகாரிக்குச் சொல்லுங்கள். ஆங்கிலம் எனக்கு நன்றாகவே வரும். ஆனால் இந்த விஷயம் என் மொழியில்தான் பிசகில்லாமல் வரும்.

எங்கள் இசைக்குழு பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிம்பொனிகளை அந்தக் காலத்து வாத்தியங்களிலேயே வாசிக்கும். இரும்புத் தந்தி கிடையாது; ஆட்டுக்குடலைத் திரித்த தந்திதான். அது பிசிர் விடாமல் இருக்க எண்ணெய் தடவ வேண்டும். செலோக்காரர் எல்லோருக்கும் தடவிக் கொடுப்பவன் எட்வேட் என்கிற நான்தான். முன்பு பாதாம் எண்ணெய் வைத்திருந்தேன். இவோன் என்ற பிள்ளை குழுவில் சேர்ந்த பிறகு ஒலிவ் எண்ணெய்க்கு மாற்றியதும் நான்தான். பாதாம் அவளுக்கு ஆகாது. வாயில் பட்டால் தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும். அதற்கான ஊசியைச் செலோப் பெட்டியின் பையில் வைத்திருப்பாள். எவ்வளவு அக்கறையாக இருந்தேன் என்பதைக் கவனியுங்கள்.

இவோன் மன்னார்ப் பிள்ளை. இங்கே லின்ஃபீல்டில் எங்கள் தெருதான். ஒத்திகைக்கு என் காரில்தான் வருவாள். நான் முதல் செலோ. இருவர் ஒரே தாளைப் பார்த்து வாசிக்கும் இடத்தை மேசை என்போம்; எங்களுடையது முதல் மேசை. அவளுக்கு என் பக்கத்தில் உள்பக்கக் கதிரை. உள்பக்கம் இருப்பவர்தான் இருவருக்கும் பொதுவான இசைத்தாளைப் புரட்ட வேண்டும். அவள் தந்தியை அழுத்தும் அதே இடதுகை விரலை நாக்கில் தொட்டுத்தான் புரட்டுவாள். அருவருப்பான பழக்கம். ஆனாலும் நான் ஒன்றும் சொன்னதில்லை.

2016இல் வாசிக்க எடுத்த சிம்பொனியின் மெதுவான பகுதியில் செலோவுக்கு ஒரு தனி வாசிப்பு இருந்தது. வழமையாக அது முதல் செலோவுக்கு உரியது. காரோட்டும்போது அதை முணுமுணுப்பேன், சுரத்துக்குச் சுரம் இழுத்து, அந்தக் காலத்து முறையில். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாள். பராக்குப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். ஒருநாள் காய்ச்சலில் நான் ஒத்திகைக்குப் போகவில்லை. அன்று அவள் அதை என் இழுப்புகளோடு வாசித்திருக்கிறாள். இசை நடத்துநர் தனி வாசிப்பை அவளுக்கே கொடுத்துவிட்டார்.

"அங்கிள், நான் கேக்கேல்ல. அவராத்தான் தந்தவர். இது உங்களிட்ட இருந்து வந்ததெண்டும் சொன்னனான்," என்றாள்.

"ஓம் பிள்ளை, அதுக்கென்ன," என்றேன்.

பிறகு யோசித்துப் பார்த்தேன். கேட்காமல் யாராவது கொடுப்பார்களா? களவெடுத்தவள்தானே முந்திக்கொண்டு சொந்தக்காரன் பெயரைச் சொல்வாள்? அதன்பின் கவனிக்கத் தொடங்கினேன். இடைவேளையில் அவளும் நடத்துநரும் ஏதோ கதைப்பார்கள். நான் கிட்டப் போனால் கதை நின்றுவிடும். என் பிறந்தநாளுக்குக் கேக் வாங்கத்தான் கதைத்தோம் என்றார்கள். கேக்கும் வந்தது. அப்படித்தானே செய்வார்கள்.

கச்சேரி அன்று பிற்பகல், "என்ர தந்தியையும் ஒருக்காப் பாருங்கோ அங்கிள்," என்று செலோவைத் தந்துவிட்டு உடுப்பு மாற்றப் போனாள். பழைய சீசா என் பெட்டியில் கிடந்தது. பாதாம் எண்ணெய் தந்திக்கு நல்லது, ஒலிவ் பிசுபிசுக்கும். அவளுடைய வாசிப்பு கெட்டுவிடக்கூடாது என்று பார்த்தேன்.

முதல் பகுதியில் வழக்கம்போலத் தாளைப் புரட்டினாள். மெதுவான பகுதி தொடங்குமுன் இருமினாள். பிறகு வில் கீழே விழுந்தது. யாரோ ஓடிப்போய் அவளுடைய பெட்டியைக் கொண்டுவந்து தலைகீழாகக் கொட்டி ஊசியைத் தேடினார்கள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைத்தான் பார்த்தாள். கச்சேரி அதோடு நின்றது. அந்தத் தனி வாசிப்பை யாருமே வாசிக்காமல் போனதில் எனக்கு இன்னும் வருத்தம்.

ஆம், எண்ணெயை மாற்றித் தடவியது நான்தான். தெரிந்துதான் தடவினேன். ஆனால் கொல்ல நினைத்தேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், குணவதி. எண்ணெய் பட்டுவிடக்கூடாதே என்று அந்த ஊசியை அவள் பெட்டியிலிருந்து எடுத்து, அவள் மூச்சு நிற்கும்வரை என் கோட்டுப் பையில் பத்திரமாக வைத்திருந்தவன் நான்.