வெள்ளரிக்காயில் ஏறிய மூணு கிலோ

நர்கீஸ்: ...மூணு கிலோவா? அந்த நர்ஸுப் புள்ள மெஷின நல்லாப் பாத்துச்சா?

சேக் பரீது: செருப்பக் கழட்டச் சொல்லித்தான் ஏத்துச்சு. அம்பத்தி நாலு.

நர்கீஸ்: போன மாசம் இதே ஆஸ்பத்திரி, இதே மெஷினு, அம்பத்தி ஒண்ணு. வெள்ளரிக்காயத் தின்னு ஒரு மனுசனுக்கு மூணு கிலோ ஏறுமாங்க?

சேக் பரீது: நல்ல காயி புள்ள... சாணார்பட்டிச் சரக்கு.

நர்கீஸ்: சிரிப்பு வேற! தெனமும் நீங்க தின்னத நான் எழுதி வச்ச நோட்டப் பாத்துட்டு நர்ஸு என்ன சொல்லுச்சு? 'இதத் தின்னா வெயிட் கூடாதும்மா, ஒடம்புல நீர் கோத்திருக்கும். டாக்டர் அட்மிட் போட்டாலும் போடுவாரு'ன்னுச்சு.

சேக் பரீது: அட்மிட்டா? எனக்கு அப்படிக் கேக்கலையே...

நர்கீஸ்: வேண்டாதது எது ஒங்க காதுல விழுந்திருக்கு? வாங்கண்ணே, ஆட்டோவ நிப்பாட்டிட்டீங்களா? ஒங்க பாய்க்கு மூணு கிலோ கூடியிருக்காம்.

சகாயராஜ்: அப்படியா தங்கச்சி! சந்தோசம்... நான் செத்த நேரம் ஆட்டோலயே உக்காந்திருக்கேனே.

நர்கீஸ்: எங்க ஓடுறீங்க? பக்கத்து வீட்டுக்காரரு, நீங்களே சொல்லுங்க. எங்க வீட்டுல சோறு கொழம்புன்னு வாசனை வந்து எம்புட்டு நாளாச்சு?

சகாயராஜ்: நாப்பது நாளிருக்கும். பாய் ரத்த வாந்தி எடுத்து இங்க படுத்து, வீடு திரும்புனதுலருந்து...

நர்கீஸ்: எல்லாம் எம் மக ஃபர்ஹீன் கோயமுத்தூர்லருந்து போன்ல அனுப்புன சார்ட்டு. வயித்துப் புண்ணுக்காரங்க ஆசிட் சாப்பாட்டத் தொடக்கூடாதாம், ஆல்கலைன் சாப்பாடுதான் திங்கணுமாம்.

சேக் பரீது: அதுல எலுமிச்சம்பழத்த ஆல்கலைன் பக்கம் போட்டிருந்தாங்க சகாயம்! முப்பது வருசம் தோல் பதப்படுத்துற ஷாப்புல தொட்டி பாத்தவன் நான். சுண்ணாம்புத் தொட்டி ஆல்கலைன், ஆசிட் டெஸ்ட் பண்ற பேப்பர முக்குனா நீலம். ஆசிட் தொட்டின்னா செவப்பு. எலுமிச்சஞ் சாத்துல முக்குனேன்... செக்கச்செவேல்னு ஆகிருச்சு. எந்த மடையன் எழுதுன சார்ட்டு?

நர்கீஸ்: அன்னைலருந்து புடிச்சுது சனியன். தோலு ஊறுற தொட்டில முக்குற பேப்பர என் கஞ்சில முக்குனாரு. மோர்ல முக்குனாரு. பருப்புத் தண்ணில முக்குனாரு...

சகாயராஜ்: சோப்புத் தண்ணில முக்கலையா பாய்?

சேக் பரீது: முக்குனேன். நல்ல நீலம்.

சகாயராஜ்: அப்ப அதையே ரெண்டு டம்ளர் குடிச்சிருக்கலாம்ல?

நர்கீஸ்: முட்டை வெள்ளக்கரு பேப்பர்ல பாஸு, சார்ட்டுல ஃபெயிலு. எலுமிச்சை சார்ட்டுல பாஸு, பேப்பர்ல ஃபெயிலு. ரெண்டுலயும் தப்புனது தண்ணியும் வெள்ளரிக்காயும்தான்.

சேக் பரீது: வெள்ளரிக்காயே லேசா மஞ்சக் காட்டுச்சு. போனாப் போகுதுன்னு விட்டேன்.

நர்கீஸ்: பதினாலாம் நம்பர் உள்ள போயிட்டாங்க. நம்மது பதினாறு. நான் நோட்ட அப்படியே டாக்டர்ட்ட நீட்டப் போறேன். ஒங்க கைலி, துண்டு, பிளாஸ்க்கு எல்லாம் பையில இருக்கு. மறுபடி மூக்குல ட்யூபு சொருகுவாங்க, பரவால்லையா?

சேக் பரீது: ட்யூபா! ஏப்பா சகாயம்... ஏதாச்சும் சொல்லேன்.

சகாயராஜ்: என்னைய எதுக்கு பாய் இழுக்குறீங்க? நான் வண்டி ஓட்ட வந்தவன்.

சேக் பரீது: நர்கீஸ்... கோவப்படாமக் கேளு.

நர்கீஸ்: கேட்டுட்டுப் பாக்குறேன்.

சேக் பரீது: மத்தியானம் லுஹர் தொழுதுட்டு நான் நேரா வீட்டுக்கு வரல.

நர்கீஸ்: பின்ன?

சேக் பரீது: சகாயம் வீட்டுக்கு... இவன் சம்சாரம் பிலோமினா காலைல ஆக்கி வச்சுட்டு மில்லுக்குப் போயிரும்ல. இவன் எடுத்துப் போடுவான். கொழைய வடிச்ச சோறு, பாசிப்பருப்பு, சொரக்கா வெஞ்சனம், ஒரு அவிச்ச முட்டை...

நர்கீஸ்: எத்தன நாளா?

சேக் பரீது: ஒரு பத்துப் பதினஞ்சு...

சகாயராஜ்: இருபத்தாறு.

சேக் பரீது: எண்ணிக்கிட்டா இருந்த?

நர்கீஸ்: அங்க பேப்பர முக்கலையா?

சேக் பரீது: இல்ல... பேப்பரெல்லாம் சும்மா நர்கீஸ். அன்னைக்கு அம்புட்டு ரத்தத்தப் பாத்தேன்ல, அதுக்கப்பறம் சோத்தக் கண்டாலே தட்டத் தள்ளி வச்சிருவேன். நீ ஆசையாக் கொண்டாந்து வைப்ப. எனக்குப் பயமா இருக்குடின்னு ஒன்ட்ட சொல்ல வெக்கம். பேப்பர் செவந்துருச்சுன்னு சொல்றது லேசா இருந்துச்சு. இவன் ஒரு நா ரெண்டே ரெண்டு வாயின்னு கெஞ்சுனான். எறங்கிருச்சு... ஒண்ணும் ஆகல.

நர்கீஸ்: அந்தப் பையக் கீழ எறக்கி வைங்க, தேவப்படாது.

சேக் பரீது: திட்டவாச்சும் செய்யி.

நர்கீஸ்: நர்ஸு அட்மிட்டுன்னெல்லாம் சொல்லல. 'பெரியவரு நல்லாத் தேறிட்டாரு'ன்னுதான் சொல்லுச்சு.

சேக் பரீது: அடிப்பாவி! அப்ப நீர் கோத்தது?

நர்கீஸ்: நான் கோத்தது. இல்லாட்டி ஒங்க வாயிலருந்து உண்மை வருமா?

சேக் பரீது: சரி விடு... வந்துருச்சுல்ல. இனி ஒளிவு மறைவு இல்லாம அங்கயே சாப்ட்டுக்குறேன்.

சகாயராஜ்: அது முடியாது பாய். நாளைக்கு நாங்க குடும்பத்தோட வேளாங்கண்ணி போறோம். பத்து நா வீடு பூட்டு.

சேக் பரீது: பத்து நாளா! அப்ப என் சோறு?

நர்கீஸ்: நான் ஆக்கிப் போடுறேன்.

சேக் பரீது: நீ ஆக்குவ புள்ள... ஆனா தப்பா நெனைக்காத, பிலோமினா பக்குவம் வேற. பருப்புல நெய்ய விட்டு ஒரு மசி மசிச்சிருக்கும் பாரு! வேணும்னா இன்னைக்குப் போயி அதுட்ட ஒரு தடவ கேட்டு...

சகாயராஜ்: பாய், போதும். நிப்பாட்டுங்க.

சேக் பரீது: உள்ளதத்தானப்பா சொல்றேன்!

சகாயராஜ்: தங்கச்சி... நான் சொல்லிரவா?

நர்கீஸ்: வேணாண்ணே, நானே சொல்றேன். ஏங்க, காலைல ஆறு மணி மில்லு வேனுக்கு ஓடுறவ ஆக்குன சோறு, மத்தியானம் ஒண்ணரை மணிக்கு ஆவி பறக்குமா? அவ வீட்டுச் சாவி இருபத்தாறு நாளா என் முந்தானைலதான் கெடக்கு. சார்ட்டையும் பேப்பரையும் தூக்கி எறிஞ்சுட்டு கொழஞ்ச சோறு குடும்மான்னு டாக்டர் போன்லயே சொல்லிட்டாரு. ஆனா என் கையால போட்டு, மறுபடியும் அந்த ரத்தத்தப் பாத்துட்டா... எனக்கு மட்டும் பயம் இல்லையாங்க? அதான் தெனமும் நீங்க பள்ளிவாசலுக்குக் கெளம்புனதும் அவ அடுப்புல பொங்கி வச்சுட்டு, நீங்க கடைசி வாய முழுங்கி ஏப்பம் விடுற வரைக்கும் ஜன்னலுக்குப் பின்னாடி நின்னு பாத்துட்டு, ஒங்களுக்கு முன்னால ஓடிப்போயி வெள்ளரிக்கா நறுக்குனேன்.