பார்வைக்கரட்டுக் கூண்டு இடிந்தது பற்றி

பார்வைக்கரடு என்னும் பாறைக் குன்றின் உச்சியில் இருக்கும் கூண்டைக் கட்டியது யார் என்று சார்பு ஆய்வாளர் முதலில் கேட்டார். எனக்குத் தெரியாது. அதை அப்படியே எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.

என் பெயர் நான்சி, தகப்பனார் பெயர் பாஸ்கல், வயது நாற்பத்தெட்டு, திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் குடியிருக்கிறேன். தனியார் கல்லூரி ஒன்றில் வரலாற்றுத் துறை இணைப் பேராசிரியராக வேலை பார்க்கிறேன். வடமதுரைக்குக் கிழக்கே உள்ள மேற்படி கரட்டில், கூண்டை இடித்துச் செங்கல் திருட முயன்றதாகக் கொத்தனார் பொன்னழகு மீது கிராம நிர்வாக அலுவலர் புகார் கொடுத்திருப்பது தெரிந்து, நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன். பொன்னழகு எனக்கு உறவினர் அல்ல.

கூண்டு என்று ஊரார் சொல்வது இரண்டு ஆள் உயரமுள்ள வட்டமான செங்கல் கோபுரம். கிழக்கே ஒன்றும் மேற்கே ஒன்றுமாக இரண்டு பார்வைத் துளைகள் உண்டு. திண்டுக்கல் சீமை மைசூரார் கையிலும் திருச்சிச் சீமை நவாபு கையிலும் இருந்த காலத்தில் எல்லை இந்தப் பக்கமாகப் போயிருக்க வேண்டும் என்பதால், படை வருவதைப் பார்க்கக் கட்டியது என்று சிலர் சொல்கிறார்கள். பின்னால் கும்பினியார் நிலம் அளக்கக் கட்டியது என்பவர்களும் உண்டு. ராஜா ஒருவர் குதிரையோடு ஏறித் தங்கினார் என்று யூடியூபில் வருவதற்கு ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை. சுண்ணாம்புச் சாந்தையும் செங்கல்லின் அளவையும் வைத்து, இருநூறு வருடத்துக்குக் குறையாது என்று மட்டும் சொல்வேன். அதற்கு மேல் சொன்னால் அது என் ஆசை.

கரட்டைக் கல்குவாரிக்கு விடப்போவதாகப் பேச்சு வந்ததும், கூண்டைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கக் கோரி மனுக் கொடுத்தேன். அந்த மனு எங்கள் துறையில்லை, எங்கள் துறையில்லை என்று பல அலுவலகங்கள் சுற்றிவந்தது. கடைசியில், சென்ற செவ்வாய்க்கிழமை ஆய்வுக்குத் தொல்லியல் துறை அதிகாரி வருவதாகத் தகவல் கிடைத்தது. அதன் பிறகு அந்த ஊர் வார்டு உறுப்பினர் கௌசல்யாவுக்குப் போன் செய்து, ஏறுகிற பாதையில் முள்ளை மட்டும் வெட்டி வைக்கச் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் அதிகாரியுடனும் கிராம நிர்வாக அலுவலருடனும் மேலே ஏறினேன். கூண்டு முழுவதும் சிமெண்டு பூசி, வெள்ளை பெயிண்ட் அடித்து, அடியில் காவிப் பட்டை போட்டிருந்தது. அதிகாரியை வரவேற்று ஒரு ஃப்ளெக்ஸும் கட்டியிருந்தார்கள். பொன்னழகு பூச்சுக் கரணையைக் கழுவிக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து, “எப்பிடி டீச்சர்? இம்புட்டு நாளா அழுக்கடைஞ்சுல்ல நின்னுச்சு” என்றார்.

“முள்ளை மட்டும்தானே வெட்டச் சொன்னேன்?” என்று அங்கே நின்ற கௌசல்யாவிடம் கேட்டேன்.

“பள்ளிக்கூடத்துக்கு ஆபீசர் வந்தா வெள்ளையடிக்கிறோம், பஞ்சாயத்து ஆபீசுக்கு வந்தாலும் அடிக்கிறோம். கூண்டப் பாக்க இப்பத்தான் மொத மொதல்ல ஒருத்தரு வாராரு. அப்பிடியே போட்டு வச்சா ஊருக்குல்ல டீச்சர் அசிங்கம்?” என்றார்.

எந்த அதிகாரி வந்தாலும் எங்கும் நடப்பது இதுதான். அதிகாரி சுவரை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, இது எந்தத் திட்டத்தில் கட்டியது என்று கேட்டார். ஆடு மேய்க்க வந்திருந்த மூக்கையா, “ஏலே பொன்னழகு, நூறுநாள் வேலைன்னு சொல்லிரு, போர்டும் வச்சிருவாய்ங்க” என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். பொன்னழகும் சிரித்தார். அதன் பிறகு அதிகாரி, ‘சமீபகாலக் கட்டுமானம், தொன்மை ஏதும் காணப்படவில்லை’ என்று எழுதினார். கிராம நிர்வாக அலுவலர் அதில் சாட்சிக் கையெழுத்திட்டார். பூச்சுக்குள்ளே பழைய செங்கல் இருக்கிறது என்றேன். “இருக்கலாம் மேடம். நான் பாக்குறதத்தான் எழுத முடியும்” என்றார். நான் வகுப்பில் சொல்லிக்கொடுப்பதும் அதுதான்.

அவர்கள் இறங்கிப் போன பிறகுதான் பொன்னழகுக்கு விஷயம் விளங்கியது. “நான் ஒட்டுனத நானே கொத்தி எடுத்துர்றேன் டீச்சர், செத்த நேரத்து வேலை” என்றார். தொட வேண்டாம், மறு ஆய்வுக்கு எழுதுகிறேன் என்று சொன்னேன். எப்போது வருவார்கள் என்று கேட்டார்.

மறுநாள் புதன்கிழமை, அவர் கேட்கமாட்டார் என்று தோன்றியதால் கல்லூரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் கரட்டுக்குப் போனேன். அவர் உளியும் சின்னச் சுத்தியும் வைத்து, கிழக்குப் பக்கம் ஒரு முழம் அளவு பூச்சை எடுத்திருந்தார். உள்ளே பழைய செங்கல் தெரிந்தது. அதைப் போட்டோ எடுத்தேன். புகாரில் சொல்லியிருக்கும் கடப்பாரையை நான் அங்கே பார்க்கவில்லை. அதன் பிறகு அவர் அடுத்த இடத்தில் உளியை வைத்ததும், சிமெண்டு பழைய சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டிருந்ததால், பூச்சோடு சேர்ந்து செங்கல்லும் பெயர்ந்து, கிழக்குத் துளை இருந்த பக்கம் முழுவதும் சரிந்தது. யாருக்கும் காயம் இல்லை.

அவர் ஓடவில்லை. விழுந்த செங்கற்களைத் துடைத்துத் துடைத்துப் பாறைமேல் அடுக்கத் தொடங்கினார். “வரிச மாறாம வைக்கிறேன் டீச்சர். திரும்ப அந்தந்த எடத்துலயே வச்சிரலாம்” என்றார். முடியாது என்று நான் சொல்லவில்லை.

சத்தம் கேட்டு யாரோ தகவல் கொடுத்ததில், கிராம நிர்வாக அலுவலர் ஒரு காவலருடன் வந்தார். “அடுக்கி வச்சிருக்கான் பாருங்க, வண்டிக்குச் சொல்லிருப்பான்” என்றார். கரட்டில் வண்டி ஏறாது என்று சொன்னேன். அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை. ‘இருநூறு ஆண்டுப் பழமையான புராதனச் சின்னம்’ இடிக்கப்பட்டதாக எழுதினார். தொன்மை இல்லை என்று கையெழுத்துப் போட்டீர்களே என்று கேட்டேன். “அது நேத்து, மேடம்” என்றார். மேற்படி இரண்டு தாள்களையும் ஒரே கோப்பில் சேர்த்து வைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பிறகு காவலர் பொன்னழகைக் கிளம்பச் சொன்னார். அவர் கையிலிருந்த செங்கல்லை அதன் வரிசையில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

நான் கண்டதையும் என் காதால் கேட்டதையும் சொல்லியிருக்கிறேன். எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். சரியாக இருக்கிறது.

(ஒப்பம்)
பா. நான்சி