அலெக்சாண்டர் சாரின் விசில்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே வெந்நீர்தான் ஒத்துக்கொள்ளும். எங்கே போனாலும் கையில் பிளாஸ்க் இருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் இன்ஸ்பெக்டர் சார், பிறகு சந்தேகம் வேண்டாம்.

புயல் மழையில் செஞ்சிக்கோட்டை அடிவாரத்துத் தெருக்கள் மூழ்கியபோது, அறுபது பேர் பள்ளிக்கூடத்தில் தங்கினோம். கரண்ட் இல்லை. இருந்த ஒரு சிலிண்டர் சோறு வடிக்கவே சரியாக இருந்தது. சமையல்காரம்மா என் பிளாஸ்க்குக்கு மட்டும் கொதிக்கவைத்துத் தருவார். மற்றவர்களுக்கு வெள்ளம் புகுந்த கிணறுதான்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அலெக்சாண்டர் தண்ணீருக்குப் பொறுப்பேற்றார். யாரும் கொடுக்கவில்லை, அவரே ஏற்றார். டிரம்மில் குளோரின் மாத்திரை போடுவார், அரைமணி நேரம் உரையாற்றுவார், விசில் ஊதுவார். முதல் டம்ளர் அவருடைய ஆறு வயதுப் பேத்தி ஜாஸ்மினுக்கு. "எம் பேத்தி குடிச்சப்புறந்தான் உங்களுக்கு" என்பார்.

முதல் நாள், விசிலுக்கு முன்னால் கைகழுவ ஒரு சொம்பு மொண்டேன். "இன்னா குரு, எட்டாங்கிளாஸ்ல மூணு தபா ஒக்காந்தவன்தான நீ. ஒனக்கு எங்க புரியப்போவுது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல ஜோக்தான்.

அன்று மாலை அவருடைய மாத்திரை டப்பாவைக் காலிசெய்து, என் மனைவியின் கால்சியம் மாத்திரைகளைக் கொட்டிவைத்தேன். அதே வெள்ளை, அதே பருமன்.

மறுநாள் தண்ணீரில் மருந்து வாடையே இல்லை.

"இன்னிக்கிதான் சார் தண்ணி இனிக்குது" என்றார் மீனம்பாள்.

"அளவு தெரிஞ்சி போடணும்மா" என்றார் சார்.

மூன்று நாள் இனித்தது. ஐந்தாம் நாள் பதினேழு பேருக்கு வயிற்றுப்போக்கு. ரோட்டில் வெள்ளம் வடியவில்லை, ஆம்புலன்ஸ் வரவில்லை. மதியத்துக்குள் ஜாஸ்மின் போய்விட்டாள்.

சார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு மாத்திர கொறவாப் போட்டுட்டனா குரு?"

"இருக்கும் சார்" என்றேன்.

முதல் டம்ளர் யாருக்குப் போகிறதென்று மூன்று நாளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வாய் திறந்திருந்தால் அதற்கும் ஓர் உரை கேட்க வேண்டியிருக்கும். இப்போது சார் பேசுவதே இல்லை. விசிலைக் கிணற்றில் போட்டுவிட்டாராம். தெரு அமைதியாக இருக்கிறது.

மாத்திரையை மாற்றியது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஜாஸ்மினைக் கொன்றேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தப் பிள்ளைமேல் எனக்குப் பிரியம் உண்டு. மூன்றாம் நாள் தாகமாக இருக்கிறதென்று என் பிளாஸ்க்கைக் கேட்டாள். "தாத்தா விசில் ஊதட்டும் கண்ணு" என்று சொல்லி அனுப்பிவைத்தேன். பெரியவர்கள் பேச்சை மீறப் பிள்ளைகளைப் பழக்கக்கூடாது பாருங்கள்.