தொடாத தோட்டம்

இந்த பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துச் சாப்பிடு, ஷர்மினி. அப்படியே கடித்தால் பல் போய்விடும். பெர்மாஸ் ஜெயா சாலை நெரிசலில் வந்து சேர்வதற்குள் களைத்திருப்பாய். சங்கத்தின் நிர்வாகக் குழு விசாரிக்க ஒரு வழக்கறிஞரை அனுப்பும் என்று தெரியும். உன்னைப் போல ஒரு பிள்ளையை அனுப்பியதில் எனக்குச் சந்தோஷம். கேள் கண்ணு. மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை.

நான் வருவதற்கு முன்னால் சங்கம் இருந்த இருப்பை நீ பார்த்ததில்லை. யாருக்கு உதவி என்பதைத் தலைவர் தங்கராஜு வாயால் முடிவு செய்வார். அரிசி மூட்டை முதலில் அவர் தங்கச்சி வீட்டில்தான் இறங்கும். கணக்கு டீச்சராக ஓய்வு பெற்றவள் நான், எனக்குப் பொறுக்கவில்லை. எந்தத் தோட்டத்தில் என்ன வருமானம், எத்தனை பேருக்கு இனிப்புநீர் வியாதி, கிளினிக் எவ்வளவு தூரம் என்று வீடு வீடாக விசாரித்து, தேவை அதிகமுள்ள இடத்துக்கு உதவியை அனுப்ப வைத்தேன். தங்கராஜு இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

விசாரிப்பதும் லேசில்லை. நம் ஆட்கள் வந்தவர்முன் இல்லை என்று சொல்லமாட்டார்கள். சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன் வருஷக்கணக்காய்ச் சல்லிக்காசு அனுப்பியிருக்கமாட்டான். அவன் சம்பளத்தையும் சேர்த்துத்தான் வருமானம் சொல்வார்கள். கேட்டால் எல்லாம் பரவாயில்லை என்பார்கள். அதனால் கணக்கெடுக்கப் போகும் இளைஞர்களிடம் சொல்வேன்: "அவங்க சொல்றத மட்டும் நம்பாதீங்க. உங்களுக்கு மைலோ கலக்கப் போறப்ப, பின் வாசல் வழியா யாராவது பால் டின் கடன் வாங்க ஓடறாங்களான்னு பாருங்க." அந்த வித்தையில் ஜொகூரில் என்னை மிஞ்ச ஆளில்லை என்பார்கள்.

பிறகு வேன் வந்தது. இனிப்புநீர்க்காரர்களை வாரந்தோறும் கிளினிக்குக் கூட்டிப்போகும் வேன். அதற்குப் பணம் தந்த அறக்கட்டளைக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "வேனால்தான் உடம்பு தேறியது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? வேன் இல்லாமலே தேறியிருக்கலாமே?" எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நியாயமான கேள்வி. பதில் சொல்ல ஒரே வழிதான். ஒன்றுபோல் இருக்கும் இரண்டு தோட்டங்களை எடுத்து, ஒன்றுக்கு வேன் விட்டு, மற்றதைத் தொடாமல் ஒரு வருஷம் பார்ப்பது.

பண்டார் தெங்காரா பக்கம் ஒன்று. சாஆ என்ற ஊர்ப் பக்கம் ஒன்று. இரண்டும் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம், அதே சம்பளம், அதே வியாதி. வேன் பண்டார் தெங்காராவுக்குப் போனது. காசு சுண்டிப்பார்த்துத்தான் முடிவு செய்தேன். பாரபட்சம் பார்த்தேன் என்று யாரும் சொல்ல முடியாது.

இப்படி ஒப்பிட்டுப் பார்க்கிறோம் என்று சாஆக்காரர்களிடம் ஏன் சொல்லவில்லை என்கிறாயா? சொன்னால் அவர்களே எப்படியாவது கிளினிக்குப் போய்விடுவார்கள். பிறகு எதை எதோடு ஒப்பிடுவது?

கமலநாதன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் சிகாமட்டில் இளைஞர் குழு வைத்திருக்கிறான், நல்ல பையன். "டீச்சர், ஒரு பழைய வேனு கெடச்சிருக்கு. சாஆ தோட்டத்துக்கு ஓட்டலாம்னு இருக்கோம்" என்று போன் செய்தான். "அங்க நாங்க இருக்கோம்பா" என்றேன். "அலமாக், நல்லவேளை கேட்டேன். ரெண்டு வேனும் ஒரே வாசல்ல நின்னா மானம் போயிரும்லா. நாங்க வேற எடம் பாக்குறோம்" என்றான். நான் பொய் சொல்லவில்லை. நாங்கள் அங்கே இருந்தோம். அவ்வப்போது போய் எல்லோருக்கும் சர்க்கரை அளவு பார்த்துக்கொண்டுதான் வந்தோம்.

சந்திரமதியை அப்படித்தான் பார்த்தேன். லெட்சுமணனின் மனைவி, அவன் அங்கே செம்பனைக் குலை வெட்டுகிறவன். பாதத்தைப் பழைய துணியால் சுற்றியிருந்தாள். அறைக்குள் நுழைந்ததுமே எனக்கு வாடை தெரிந்தது.

"டீச்சர், உங்க வேனு இங்கயும் வருமா?"

"அடுத்த வருஷம் வரும்மா."

"அடுத்த வருஷமா? அதுக்குள்ள இந்தக் காலு எனக்கு முன்னாடியே நடந்து போயிரும் போலருக்கே" என்று சிரித்தாள். என் முகத்தில் என்ன கண்டாளோ, உடனே, "பரவால்லைங்க டீச்சர். அவருக்கு லீவு கெடைக்கறப்ப மோட்டார் சைக்கிள்ல போய்க்கிறேன். நீங்க மைலோ குடிங்க, ஆறுது" என்றாள்.

குடித்தேன். பக்கத்து வீட்டுப் பால். நன்றாகத்தான் கலந்திருந்தாள்.

என் கார் வாசலில் நின்றது. திரும்பும் வழியில்தான் கிளினிக். ஏற்றிப் போயிருக்கலாம் என்றுதானே பார்க்கிறாய்? நானும் யோசித்தேன். சாவி கையில் இருந்தது. ஆனால் அவளை ஏற்றினால் அடுத்த வீட்டுக்காரரை எப்படி விடுவது? இரண்டு பேரை ஏற்றினால் அது தொடாத தோட்டமாக இருக்காது. அத்தனை பேரின் உழைப்பும் வீண். கண்ணாடியை இறக்கி, "துணிய மட்டும் மாத்திக்கம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

முதலில் விரல்களை எடுத்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே. அதற்குள் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது. தீபாவளிக்கு முன்னால் போய்விட்டாள். சாவு வீட்டுக்கு நான் போனேன். லெட்சுமணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவ்ளோ தூரம் வந்தீங்களே டீச்சர்" என்றான். கமலநாதன்தான் பந்தல் கம்பத்தில் சாய்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். சங்கத்துக்குப் புகார் எழுதியது அவன்தான் என்று எனக்குத் தெரியும். அவன்மேல் கோபமில்லை. கணக்கு படிக்காத பிள்ளை.

நீ அழாதே கண்ணு. எனக்கும் கல்மனசு இல்லை. ஆனால் முடிவைப் பார்த்தால் உனக்கே புரியும். வேன் போன தோட்டத்தில் ஒருவர் காலும் போகவில்லை. சாஆவில் சந்திரமதி போனாள். இன்னும் இரண்டு பேர் கட்டையூன்றி நடக்கிறார்கள். வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. இனி எவரும் வேனால்தானா என்று கேட்கமுடியாது. அறக்கட்டளைக்கு அவ்வளவு திருப்தி. புது வேன்கள் தருகிறார்கள், சாஆவுக்கும் சேர்த்து. அவளால் எத்தனை பேர் பிழைக்கப்போகிறார்கள் என்று எண்ணிப்பார். லெட்சுமணனுக்கு ஒருநாள் இதை எடுத்துச் சொல்வேன்.

குழு என்னை நிறுத்திவைத்தாலும் வேலை நிற்காது. இம்முறை கண் பரிசோதனை. எந்தத் தோட்டத்துக்கு உதவி, எதைத் தொடாமல் விடுவது என்று போன வாரமே காசு சுண்டிவிட்டேன்.

அந்தத் தொடாத தோட்டத்தின் பெயரை மட்டும் கேட்காதே, ஷர்மினி. சொன்னால் நீ போய் உதவிவிடுவாய்.